மோல் கணக்கில் மாசு எங்கே போகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஓர் அம்மா, ஒரு பெரியவர், ஒரு தொடக்கக் கல்லூரி மாணவர் என்று எழுதியவர்கள் வேறு வேறு. கேட்டிருப்பது மட்டும் ஏறத்தாழ ஒன்றுதான்: கையில் இருக்கும் பொருள் முழுக்கச் சுத்தமாக இல்லாதபோது கணக்கை எப்படிப் போடுவது? ஜூரோங்கில் ஒரு ரசாயன ஆலையின் தரக் கட்டுப்பாட்டுக் கூடத்தில் 27 ஆண்டுகள் எனக்குச் சோறு போட்ட கேள்வி இது. இப்போது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கும்போதும் வாரம் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் உயர்நிலை நான்கில் படிக்கிறான். பள்ளித் தேர்வில் இந்தக் கணக்கில் அவனுக்கு மதிப்பெண் போய்விட்டது: "92 விழுக்காடு தூய்மையுள்ள 25 கிராம் சுண்ணாம்புக்கல்லை வலுவாகச் சூடாக்கினால் எத்தனை கிராம் கால்சியம் ஆக்சைடு கிடைக்கும்?" அவன் 25ஐ 0.92ஆல் வகுத்துவிட்டான். பெருக்க வேண்டுமாம். எப்போது பெருக்குவது, எப்போது வகுப்பது என்று கேட்டால், "மறந்துபோச்சும்மா" என்கிறான். நான் அறிவியல் படித்தவள் இல்லை. அவனுக்கு எப்படி எடுத்துச் சொல்வது? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: சகோதரி, "மறந்துபோச்சு" என்று அவன் சொன்னதிலேயே நோய் தெரிந்துவிட்டது. மறக்கிற அளவுக்கு இதில் எதையோ மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். மனப்பாடம் செய்ய இதில் ஒன்றுமே இல்லை. நீங்கள் அறிவியல் படிக்கவில்லை என்கிறீர்கள். ஆனால் இந்தக் கணக்கை உங்களைவிட நன்றாக அவனுக்கு யாரும் சொல்லித்தர முடியாது. எப்படி என்று சொல்கிறேன்.

போன சனிக்கிழமை ஈரச்சந்தையில் ஒரு கிலோ இறால் வாங்கினேன். தலை, ஓடு, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பு எல்லாம் போக மிச்சத்தைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 560 கிராம். அதாவது நான் காசு கொடுத்த ஒரு கிலோவில் சம்பாலுக்கு உதவுவது 56 விழுக்காடு. சரி, அதே இறாலை இரண்டு கிலோ வாங்கினால் எவ்வளவு சதை தேறும்? 2ஐ 0.56ஆல் பெருக்கினால் 1.12 கிலோ. வாங்கியதைவிடக் குறைவு. அதுதானே நியாயம்? அடுத்த வாரம் வீட்டில் விருந்து, சம்பாலுக்குச் சதை மட்டும் 1.4 கிலோ வேண்டும் என்றால் எத்தனை கிலோ வாங்குவீர்கள்? 1.4ஐ 0.56ஆல் வகுத்தால் 2.5 கிலோ. தேவைப்படும் சதையைவிட அதிகம். இதில் எங்கே பெருக்குவது, எங்கே வகுப்பது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ஓட்டோடு இருப்பது எப்போதும் கனம், உரித்தது எப்போதும் லேசு என்று கைக்குத் தெரியும். அவ்வளவுதான்.

இப்போது மகனை அருகில் உட்காரவைத்து இதைப் படியுங்கள். சுண்ணாம்புக்கல் என்பது ஓட்டோடு இருக்கும் இறால். கால்சியம் கார்பனேட் என்பது உரித்த சதை. வேதியியல் சமன்பாடு சதையைப் பற்றி மட்டுமே பேசும். கால்சியம் கார்பனேட் சூட்டில் உடைந்து கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. 100 கிராமுக்கு 56 கிராமும் 44 கிராமும். (இந்த மூன்று எடையும் அந்தந்தப் பொருளில் ஒரு மோல். டஜன் மாதிரி, துகள்களை எண்ண வேதியியல் வைத்திருக்கும் அளவுதான் மோல்.) அந்தச் சமன்பாட்டில் மண்ணுக்கும் மணலுக்கும் இடமே இல்லை. ஆகவே மோல் கணக்குக்குள் நுழையும் எண் உரித்த எண்ணாக இருக்க வேண்டும்.

25 கிராம் கல்லில் 92 விழுக்காடு என்றால் 23 கிராம் கார்பனேட். 23ஐ 100ஆல் வகுத்தால் 0.23 மோல். ஒரு மோலுக்கு ஒரு மோல், ஆகவே 0.23 மோல் ஆக்சைடு. 56ஆல் பெருக்கினால் 12.88 கிராம். முடிந்தது.

அவன் வகுத்தபோது வந்திருக்கும் எண் 27.17. அந்த இடத்தில் அரை நிமிடம் நின்றிருந்தால் அவனே பிடித்திருப்பான். 25 கிராம் கல்லுக்குள் 27 கிராம் கார்பனேட் எப்படி இருக்கும்? என்னிடம் படிக்கும் பிள்ளைகளை வெறும் "கிராம்" என்று எழுத நான் விடுவதில்லை. "25 கிராம் கல்", "23 கிராம் கார்பனேட்" என்று பொருளின் பெயரையும் சேர்த்தே எழுதவேண்டும். ஒரு வரிக்கு இரண்டு விநாடி கூடுதலாக ஆகும். ஆனால் கல்லின் எடையை 100ஆல் வகுக்கக் கை நீளும்போது அந்தச் சொல்லே கையைப் பிடித்துக்கொள்கிறது.

தலைகீழாக வந்தால்: 80 விழுக்காடு தூய்மையுள்ள கல்லிலிருந்து 11.2 கிலோ கால்சியம் ஆக்சைடு வேண்டும். 11.2 கிலோ ஆக்சைடுக்கு 20 கிலோ கார்பனேட் தேவை. அது உரித்த எடை. கல்லாக 20ஐ 0.8ஆல் வகுத்து 25 கிலோ.

கூடவே ஒரு கேள்வியை அவனிடம் கேட்டுப் பாருங்கள், இது எனக்கு மிகவும் பிடித்தது. அந்த 25 கிராம் கல்லைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு முழுதாகச் சூடாக்கி ஆறவைத்து நிறுத்தால், தராசு என்ன காட்டும்? பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் 12.88 என்பார்கள். தராசு காட்டுவது 14.88. மாசு எங்கும் போய்விடவில்லை, அந்த 2 கிராம் மணலும் கிண்ணத்திலேயேதான் கிடக்கிறது. கணக்கில் நாம் அதை ஒதுக்கினோம், அடுப்பு ஒதுக்கவில்லை.

இதையே திருப்பிப் போட்டால் ஆலையில் நாங்கள் செய்த வேலை. கல் எவ்வளவு சுத்தம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் 105 பாகை செல்சியஸ் அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டுவோம். இல்லையென்றால் பிறகு ஆவியாகும் தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடு என்று எண்ணிவிடுவோம். அப்புறம் நிறுத்து, பழுக்கச் சூடாக்கி, மறுபடி நிறுப்போம். 25 கிராம் 14.88 ஆகியிருந்தால் காணாமல் போனது 10.12 கிராம். போனது வாயு மட்டும்தான். 10.12ஐ 44ஆல் வகுத்தால் 0.23 மோல், அதனால் 23 கிராம் கார்பனேட், அதனால் 92 விழுக்காடு. கல்லைத் திறந்து பார்க்காமல், போனதை வைத்தே உள்ளே இருந்ததைச் சொல்லிவிடுகிறோம். முதன்முதலில் இதை என் கையால் செய்து எண் சரியாக வந்த அன்று பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சாதாரண நிலைத் தேர்வில் எடைக்குப் பதில் வாயுவின் கனஅளவைக் கொடுப்பார்கள். 10 கிராம் கல்லில் மிகையான ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியதில் 1.92 லிட்டர் வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் ஒரு மோல் 24 லிட்டர் என்பது அவன் அறிந்தது. 0.08 மோல், 8 கிராம் கார்பனேட், 80 விழுக்காடு. "மிகையான" என்ற சொல்லைப் பார்த்ததும் அமிலத்தின் அளவைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

கேள்வி: சிராங்கூன் சாலையில் 40 கிராமுக்கு 916 சங்கிலி எடுத்தோம். பேத்தி தூய்மை விழுக்காடு, விளைச்சல் விழுக்காடு என்று இரண்டு படிக்கிறாள். 916 என்பது தூய்மை என்றால், சேதாரம் என்பது என்ன? இரண்டும் ஒன்றுதானே? (பெரியவர், ஈசூன்)

பதில்: இல்லை ஐயா. 916 என்பது இப்போது உங்கள் கையில் இருக்கும் சங்கிலியைப் பற்றியது. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 24இல் 22 பங்கு என்பதும் இதுவே. உங்கள் 40 கிராமில் தங்கம் 36.64 கிராம். சேதாரம் என்பது சங்கிலிக்குள் இல்லவே இல்லை. அறுக்கும்போதும் உருக்கும்போதும் தேய்க்கும்போதும் கைநழுவிப் போகும் தங்கத்துக்கான கணக்கு அது. பேத்தியின் பாடத்தில் விளைச்சல் விழுக்காடு இதற்குத்தான் பக்கத்தில் வரும்: கிடைத்திருக்க வேண்டியதில் எவ்வளவு கைக்கு வந்தது என்பது. தூய்மை, வேலை தொடங்கும் முன்பே பொருளில் உட்கார்ந்திருக்கிறது. விளைச்சல், வேலை முடிந்த பிறகு தெரிய வருவது. முதல் கடிதத்துச் சுண்ணாம்புக்கல்லில் விளைச்சல் 80 விழுக்காடுதான் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தால், தூய்மையை மோல் கணக்குக்கு முன்னால் போட்டு, வந்த 12.88ஐக் கடைசியில் 0.8ஆல் பெருக்கி 10.3 கிராம் என்று எழுத வேண்டும்.

கேள்வி: முட்டை ஓட்டில் கால்சியம் கார்பனேட் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை செய்தேன். 1.50 கிராம் ஓட்டுத் தூள், அதில் லிட்டருக்கு 1.00 மோல் என்று எழுதியிருந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலிட்டர். கரைந்ததும் 250 மில்லிலிட்டராக்கி, அதில் 25ஐ எடுத்து, லிட்டருக்கு 0.100 மோல் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்துடன் தரம் பார்த்தேன் (அளவுக் குழாயான பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு, மிச்ச அமிலம் தீர எவ்வளவு ஆகிறது என்று அளப்பது). சராசரி 18.8 மில்லிலிட்டர். கணக்குப் போட்டால் தூய்மை 104 விழுக்காடு! நண்பர்கள் எல்லாரும் 95, 96 என்று எழுதியிருக்கிறார்கள். நானும் பியூரெட் எண்ணைக் கொஞ்சம் மாற்றி எழுதிவிடலாமா என்று தோன்றுகிறது. (தொடக்கக் கல்லூரி மாணவர், தெம்பனிஸ்)

பதில்: தம்பி, மாற்றாதே. முதலில் உன் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஊற்றிய அமிலம் 0.0500 மோல். 18.8 மில்லிலிட்டர் காரம் என்றால் 0.00188 மோல், பத்து மடங்காக்கினால் மிச்ச அமிலம் 0.0188. ஓடு தின்றது 0.0312. ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம், ஆக 0.0156 மோல், 1.56 கிராம். 1.50 கிராம் தூளுக்குள் 1.56 கிராம். நீ தப்பாகக் கணக்குப் போடவில்லை. கணக்குக்குள் போன ஏதோ ஓர் எண்தான் உண்மையில்லை.

எந்த எண்? நான் முதலில் சந்தேகப்படுவது அமிலப் புட்டியின் மேல் ஒட்டியிருந்த 1.00ஐ. அது உண்மையில் 0.96 ஆக இருந்தால் என்ன ஆகும் பார். ஊற்றியது 0.0480 மோல். மிச்சம் அதே 0.0188. தின்றது 0.0292, கார்பனேட் 1.46 கிராம், தூய்மை 97.3 விழுக்காடு. முட்டை ஓட்டில் சுமார் 95 விழுக்காடு கார்பனேட் என்பார்கள், அதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது! அமிலத்தில் 4 விழுக்காடு பிசகு, விடையை ஏறக்குறைய 7 புள்ளி நகர்த்தியிருக்கிறது. ஒரு பெரிய எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்து வரும் விடைக்கு இந்தக் குணம் உண்டு. பெரிய எண்ணின் பிசகு முழுவதும் சின்ன எண்ணின் தலையில் விழும்.

இரண்டாவது சந்தேகம், நீ தூளை எப்படிப் போட்டாய் என்பது. மொத்தமாகக் கொட்டினால் பொங்கி நுரைக்கும். அந்தக் குமிழிகள் உடையும்போது அமிலத் துளிகள் வெளியே தெறிக்கும். போன துளியெல்லாம் ஓடு தின்றதாகக் கணக்கில் ஏறிவிடும். கூம்புக் குடுவையின் வாயில் சின்னப் புனலைக் கவிழ்க்காமல் வைத்து, தூளைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, கடைசியில் புனலைக் காய்ச்சி வடித்த நீரால் குடுவைக்குள்ளேயே கழுவிவிடு.

ஓட்டில் கொஞ்சம் மக்னீசியம் கார்பனேட்டும் இருக்குமே, அதுவா என்று நீ கேட்கலாம். அதன் மோல் எடை 84, ஆகவே கிராமுக்குக் கிராம் கூடுதல் அமிலம் தின்னும். ஆனால் ஓட்டில் 1 விழுக்காடு அது இருந்தால் உன் விடையில் 1.2 விழுக்காடாகத் தெரியும், அவ்வளவுதான். 104க்கு அது காரணமில்லை.

நான் சொல்லும் வழி வெற்றுச் சோதனை. ஓடே இல்லாமல், அதே புட்டி அமிலம் 50 மில்லிலிட்டரை 250 ஆக்கி, 25ஐ எடுத்து அதே காரத்துடன் தரம் பார். என் ஊகம் சரியென்றால் 48.0 பக்கம் நிற்கும். 48.0இலிருந்து 18.8ஐக் கழித்தால் 29.2 மில்லிலிட்டர், ஓடு தின்றதற்குச் சமமான காரம் அது. இப்போது புட்டியில் 1.00 என்று எழுதியிருந்தாலும் 0.90 என்று எழுதியிருந்தாலும் உனக்குக் கவலையில்லை. அந்த எண் கணக்கிலேயே இல்லை.

ஆனால் பாரம் முழுவதும் காரத்தின் 0.100 மேல் வந்துவிட்டது. இங்கேதான் நான் ஒருமுறை அடிபட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை நிறுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தேன். சில நிமிடம்தான். கடிகாரக் கண்ணாடியில் மொரமொரவென்று உருண்ட வெள்ளை வில்லைகள், திரும்பி வந்தபோது ஈரம் பூத்து, மழையில் நனைந்த கற்கண்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது அது. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். அறையில் குளிரூட்டி அன்று பழுது. நான் அந்த எடையையே எழுதி, கரைசலைச் செய்து, புட்டியில் 0.100 என்று ஒட்டினேன். அந்த வாரம் அந்தப் புட்டியை வைத்துச் சோதித்த அமிலமெல்லாம் இருப்பதைவிட வலுவாகத் தெரிந்தது. இரண்டு தொகுதிகளை மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. மேலாளர் திட்டவில்லை. "வில்லையை நிறுப்பது சும்மா ஒரு தொடக்கம்தான். அதன் பலத்தை அதனிடமே கேட்கணும்" என்று மட்டும் சொன்னார்.

கேட்பது எப்படி? பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற உப்பு இருக்கிறது. காற்றில் ஈரம் குடிக்காது, உலர்த்தி நிறுத்தால் எடை அசையாமல் நிற்கும், மோல் எடை 204.2. அதைத் துல்லியமாக நிறுத்துக் கரைத்து உன் காரத்துடன் தரம் பார்த்தால் காரத்தின் உண்மையான பலம் தெரிந்துவிடும். உன் ஆய்வுக்கூடத்தில் இருக்கும், கேட்டு வாங்கு. ஒருவேளை காரம் 0.097 என்று தெரிந்தால், 29.2க்கு உன் ஓடு 94.4 விழுக்காடு.

எண்ணை மாற்றத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு காற்றிலிருந்து ஆக்சிஜனையும் மற்றவற்றையும் நீக்கி நைட்ரஜன் எடுத்து நிறுத்தார், லிட்டருக்கு 1.257 கிராம். அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனை நிறுத்தார், 1.251 கிராம். வித்தியாசம் அரை விழுக்காடுதான். "கை நடுக்கம்" என்று சராசரி போட்டு முடித்திருக்கலாம். அவர் 1892இல் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதி, இது ஏன் என்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள் என்று வாசகர்களையே கேட்டார். பிறகு வில்லியம் ராம்சேயும் அவரும் சேர்ந்து தேடினார்கள். காற்றில் எடுத்த நைட்ரஜன் சுத்தமாக இல்லை. அதற்குள் யாரும் பார்த்திராத, எதனோடும் வினைபுரியாத ஒரு வாயு ஒளிந்திருந்தது. 1894இல் அறிவித்தார்கள், அதுதான் ஆர்கான். நாம் மூச்சு விடும் காற்றில் 0.93 விழுக்காடு. 1904இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு. உன் 104ஐ அப்படியே எழுது. கீழே வெற்றுச் சோதனையை எழுது. ஆசிரியருக்கு அதுதான் பிடிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: 2008இல் என் மகளுக்கு ஒரு வயது. சீனப் பால் பொருள்களில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனம் கலந்திருக்கிறது என்று செய்தி வந்து நாங்கள் நடுங்கிப்போன நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. இப்போது அவளே பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். பாலைச் சோதித்துத்தானே வாங்குவார்கள், சோதனை எப்படி ஏமாந்தது என்று அவளைக் கேட்டேன். உங்களைக் கேட்கச் சொன்னாள். (வாசகி, பிடோக்)

பதில்: மகள் என்னைக் கைகாட்டியதற்கு நன்றி. அந்த செப்டம்பரில் இங்கே சீனப் பால் பொருள்களின் இறக்குமதியை நிறுத்தினார்கள், பேரங்காடி அடுக்குகள் காலியானது எனக்கும் நினைவிருக்கிறது. சீனாவில் ஏறத்தாழ 300,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள். சிறுநீரகத்தில் கல்.

இதுவரை மேலே சொன்ன கணக்கெல்லாம் ஒன்றை நம்பித்தான் நிற்கிறது: மாசு சும்மா இருக்கும். சுண்ணாம்புக்கல்லில் உள்ள மணல் அமிலத்தைத் தொடாது, வாயு விடாது. அதனால்தான் வந்த வாயு முழுவதையும் கார்பனேட்டின் கணக்கில் எழுத முடிகிறது. மாசும் வினையில் கை வைத்தால் கணக்கு நம்மை ஏமாற்றும். பாலில் நடந்தது அதுதான், அதுவும் வேண்டுமென்றே.

பாலில் புரதம் எவ்வளவு என்று நேராக அளப்பதில்லை. டென்மார்க்கில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் என்பவர் 1883இல் ஒரு முறையை வெளியிட்டார். மாதிரியைக் கந்தக அமிலத்தில் வேகவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கி, அதைத் தரம் பார்ப்பது. கிடைத்த நைட்ரஜனைப் பாலுக்கு 6.38ஆல் பெருக்கினால் புரதம். மிக நல்ல முறை, இன்றும் செய்கிறார்கள். ஆனால் அது எண்ணுவது நைட்ரஜனை. அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை.

தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைவாகக் காட்டும். காட்டாமலிருக்க மெலமைனைச் சேர்த்தார்கள். மெலமைனின் மோல் எடை 126, அதில் ஆறு நைட்ரஜன் அணுக்கள் 84. மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்! ஒரு கிராம் மெலமைன் 0.667 கிராம் நைட்ரஜன், 6.38ஆல் பெருக்கினால் சோதனைத் தாளில் சுமார் 4.25 கிராம் "புரதம்". இல்லாத புரதம். ஒரு கிராம் பொடியை நான்கு கிராம் சத்தாகக் காட்டும் ஒரு பொருளைக் குழந்தை குடிக்கும் பாலில் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில்தான். நாங்கள் பொருளைச் சரிபார்க்கக் கற்றுக்கொண்ட அதே பெருக்கலை அவர்கள் ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள்.

மகளிடம் இதைக் கேளுங்கள்: புரதத்தை முதலில் வீழ்படிவாக்கி (திடமாகப் பிரியவைத்து) வடிகட்டிவிட்டு, வடிநீரில் மிச்சமிருக்கும் நைட்ரஜனைத் தனியாக அளந்தால் என்ன தெரியும்? மெலமைன் கரைந்து வடிநீரோடு போய்விடும். அங்கே நைட்ரஜன் கூடுதலாக நின்றால் கள்ளம் வெளிப்பட்டுவிடும். அவள் சரியாகச் சொல்லிவிடுவாள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அம்மா விட்டுப்போன பித்தளைச் சுண்ணாம்பு டப்பா என்னிடம் இருக்கிறது. வீட்டு விசேஷத் தாம்பூலத் தட்டில் வைக்கத் தேக்காவிலிருந்து சுண்ணாம்பு வாங்கி அதில் நிரப்புகிறேன். இரண்டு வாரத்தில் மேலே வெள்ளையாக ஆடை கட்டிக் கெட்டியாகிவிடுகிறது. மாசுள்ள சுண்ணாம்பை விற்றுவிட்டார்களா? (வாசகி, அங் மோ கியோ)

பதில்: விற்றவர் மேல் தப்பில்லை. வாங்கிய அன்று அது நல்ல கால்சியம் ஹைட்ராக்சைடாகத்தான் இருந்திருக்கும். டப்பாவைத் திறந்து மூடும்போதெல்லாம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மேலே பட்டு, அந்த இடம் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. மேலே சொன்ன சுண்ணாம்புக்கல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. 7.4 கிராம் ஹைட்ராக்சைடு முழுக்க மாறினால் 10 கிராம் கார்பனேட். ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ளுங்கள்: மேலுள்ள ஆடையைச் சுரண்டி ஒரு தட்டில் வைத்து ஒரு சொட்டு காடி (வினிகர்) விடுங்கள், சின்னச் சின்னக் குமிழியாக நுரைக்கும். அடியிலுள்ள பசையில் விடுங்கள், அவ்வளவு நுரைக்காது. (கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும்.) ஆடையை எடுத்துப் போட்டுவிட்டு, பசை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி இறுக மூடி வையுங்கள். தண்ணீர் வற்றினால் மறுபடி ஊற்றுங்கள்.